முதன்முறை விமானமேறும் முதியோர்



பாடசாலை அதிபர் ஒருவரின் காரியாலயத்துக்கு வருவோர் அனைவரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வருபவர்களே என்று நீங்கள் எண்ணுதல் கூடும். எங்கள் ஊரில் நிலைமை அவ்வாறன்று. வங்கியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லக் கேட்பவரும், விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தரக் கேட்பவரும், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதிக்கு ஒப்பம் வேண்டுபவரும் நாள்தோறும் வாசல் வாங்கிலிற் காத்திருப்பர். அண்மை ஆண்டுகளில் இவர்களுள் ஒரு சாராரின் தொகை பெருகி வருகின்றது. பிற நாடுகளிற் குடியேறிவிட்ட மக்களையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்து வரப் புறப்படும் தாய் தந்தையரே அவர்கள். அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். கொழும்புக்கே வாழ்நாளில் நாலைந்து முறைதான் போய் வந்தவர்கள். ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களையே அறிந்தவர்கள். இவர்கள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் தன்னந்தனியே பறக்கப் போகின்றனர். எதிரே அமர்ந்தவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி அநேகமாக ஒன்றேதான்: “மாஸ்டர், பிளேன் விழாதோ?”

விழாது என்று சொல்லி அனுப்பிவிடுதல் எளிது. ஆனால் அச்சத்தை வைக்கவேண்டிய இடம் வானமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானத்திற் கழியும் பத்துப் பதினைந்து மணி நேரத்தில் பிரயாணி செய்யவேண்டிய காரியம் மிகச் சொற்பம். வீட்டிற் பெட்டி அடுக்கும் பொழுதும், பயணச்சீட்டு வாங்கும் பொழுதும், நடுவழியில் ஒரு விமானத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறும் பொழுதுமே முதியோர் இடர்ப்படுகின்றனர். இதனைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, பல தேசங்களைச் சுற்றிய அனுபவமன்று; நான் செய்த ஒரு பிழையே. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

ஆகாயப் பிரயாணம் நம் நாட்டார்க்குப் புதியதன்று. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. டக்கோட்டா என வழங்கிய சிறிய விமானம் அது. அந்நிறுவனம் இன்று இல்லை. பலாலியிலுள்ள நிலையமோ 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து தொடங்கிய சென்னைச் சேவை கொவிட் நோய்க் காலத்தில் நின்றுபோய், 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. ஆதலால் தூர தேசம் செல்லும் வடபகுதியார்க்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்டுநாயக்கா, மற்றது சென்னை. இரண்டாவது வழியில் ஒரு கண்ணி இருக்கிறது.

சென்னை வரைக்கும் ஒரு சீட்டும், அங்கிருந்து அப்பால் வேறொரு கம்பனியின் சீட்டுமாகத் தனித்தனியே வாங்கினாற் செலவு குறையும் என்று சொல்லும் உறவினர் பலர். தனித்தனிச் சீட்டாயின், சென்னையிற் பெட்டியைத் தாமே பெற்று மறுபடி ஒப்படைக்க நேரும். பெட்டியைப் பெறுதற்கு இந்திய மண்ணில் நுழைதல் வேண்டும். நுழைவதற்கு இந்திய விசா வேண்டும். அஃதில்லாத முதியவர் அங்கே எவ்வாறு தவிப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்னும், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது கம்பனி அதற்குப் பொறுப்பேற்காது. புறப்படும் இடந் தொடக்கம் போய்ச் சேரும் இடம் வரைக்கும் ஒரே சீட்டாக வாங்கியிருப்பின், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது கம்பனியின் கடமையாகின்றது. தனியே செல்லும் தாயாருக்குப் பிள்ளைகள் சீட்டு வாங்கும் பொழுது மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுவே. மாறும் நிலையம் ஒன்றுக்கு மேற்படாமலும், அங்கே இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமலும் பார்த்துக்கொள்வதும் நன்று.

சீட்டு வந்தவுடன் திகதியை இருமுறை வாசித்தல் வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து தூர தேசம் செல்லும் விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின்னர் புறப்படுகின்றன. சீட்டில் 15ஆந் திகதி, நேரம் 02.10 என்று இருக்கும். அதன் பொருள் 14ஆந் திகதி இரவு நித்திரை கொள்ளாமல் நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதே. மூன்று மணி நேரம் முந்தி அங்கே நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வீதி வழியே ஏழெட்டு மணி நேரம் செல்லும். ஆகவே 14ஆந் திகதி நண்பகலே வீட்டை விட்டுப் புறப்படுதல் முறை. எங்கள் அயலில் ஒரு குடும்பத்தார் 15ஆந் திகதி பகல் விருந்துண்டு, கோயிலுக்குப் போய், மாலையில் வான் பிடித்துப் புறப்பட்டனர். வவுனியாவைத் தாண்டிய பின்னர்தான் ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில், “அம்மா, இப்ப எந்த ஊருக்கு மேலை வாறியள்?” என்று கேட்டாராம்.

அடுத்தது பெயர். இது நம்மவர்க்கே உரிய சங்கடம். நமக்குக் குடும்பப் பெயர் என்றொன்று இல்லை. தந்தையின் பெயரை முன்னே வைத்து நம் பெயரைப் பின்னே எழுதுகிறோம். கடவுச்சீட்டோ குடும்பப் பெயர் ஒரு வரியிலும் ஏனைய பெயர்கள் மற்றொரு வரியிலுமாக அமைந்தது. கந்தையா என்பவரின் மகள் செல்லம்மா கடவுச்சீட்டு எடுக்கும் பொழுது, அவ்வரியிற் கந்தையா என்ற பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதிற் குற்றமொன்றுமில்லை. ஆனால் பயணச்சீட்டிலும் விசாவிலும் அதே பெயர், அதே எழுத்துக்களோடு இருத்தல் வேண்டும். வீட்டில் வழங்கும் பெயரையும் கணவர் பெயரையும் பிள்ளைகள் தம் எண்ணப்படி கலந்து எழுதிவிட்டால், ஒரெழுத்துப் பிழைக்காகவும் கருமபீடத்திற் மறித்து நிறுத்துவர்.

அதனினும் விநோதமானது ஒன்றுண்டு. விமானம் புறப்படும் வேளையில் வராத பிரயாணியை ஒலிபெருக்கியில் அழைப்பர். அழைக்கும் பெயர் செல்லம்மா அன்று. “மிஸிஸ் கந்தையா” என்பதே. செல்லம்மா ஆச்சியோ, நாற்பது ஆண்டுகளுக்கு முன் காலமாகிய தந்தையாரின் பெயரை அந்நிய தேசத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வியந்துகொண்டு கதிரையிலேயே இருப்பார். இவ்வாறு ஒரு மூதாட்டி விமானத்தைத் தவறவிட்டதை நான் அறிவேன். கடவுச்சீட்டிலுள்ள பெயரை ஆங்கிலேயர் உச்சரிக்கும் விதத்தில் வீட்டிலேயே நாலு முறை கூப்பிட்டுப் பழக்குங்கள். சிரிப்புக்கிடமான பயிற்சிதான், ஆயினும் பயனுடையது. கடவுச்சீட்டின் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பல நாடுகள் அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. பத்தரமுல்லையிலுள்ள தலைமைக் காரியாலயத்திலோ வவுனியா முதலிய கிளைகளிலோ புதுப்பிப்பதற்கு நாள் எடுக்கும் என்பதை மனத்திற்கொண்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்க.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

என் தமக்கையார் சலரோகம் உடையவர். காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றுபவர். அறுபத்தெட்டாம் வயதில் மகளிடம் ரொறன்ரோவுக்குப் புறப்பட்டார். அவருக்குப் பெட்டி அடுக்கியவன் நான். மருந்து விலை மதிப்புள்ளது, ஆகவே பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணி, இன்சுலின் குப்பிகளையும் ஊசிகளையும் வைத்தியரின் சிட்டையையும் ஒரு துவாயிற் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவே வைத்துப் பூட்டினேன். கையிற் கொண்டுபோகும் பையிலே பேரப்பிள்ளைகளுக்கென்று பருத்தித்துறை வடையும் பினாட்டும் எள்ளுப்பாகும் நிறைந்திருந்தன. உடையாமல் நொருங்காமல் போக வேண்டியவை அவையே என்பது எங்கள் இருவரின் அபிப்பிராயமாயிருந்தது.

முதல் விமானம் தாமதமாகப் புறப்பட்டது. நடுவழி நிலையத்திற் சேர்ந்த பொழுது அடுத்த விமானம் போய்விட்டது. மறுநாள் விமானத்தில் இடம் தருவதாகச் சொல்லி ஓரிடத்தில் உட்கார வைத்தனர். ஏறத்தாழ இருபது மணி நேரம். பெட்டியோ விமானக் கம்பனியாரின் பொறுப்பில் எங்கோ இருந்தது. கேட்டாலும் உடனே எடுத்துத் தர மாட்டார்கள். தமக்கையாருக்குக் கேட்கவும் தெரியவில்லை. மாலை ஊசி தவறியது; காலை ஊசியும் தவறியது. தாகம் மிகுந்து, கண் இருண்டு, ஒரு மூலையிற் சாய்ந்து, “முருகா” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவ்விடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “என்ன செய்யுது அம்மா?” என்று தமிழிற் கேட்டாள். மட்டக்களப்புப் பிள்ளை, அங்கே ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தவள். அவளே தாதியை அழைத்து வந்தாள். நிலையத்தின் வைத்திய அறையில் இரத்தத்தைச் சோதித்து மருந்தேற்றினர். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று தமக்கையார் இன்றும் வருந்துவார். நான் வருந்துவது வேறொன்றுக்காக.

ஆகவே மருந்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நாள்தோறும் உட்கொள்ளும் குளிசைகளும் ஊசி மருந்தும் பெட்டிக்குள் போகலாகாது. உடம்போடு, கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெட்டி பிந்தலாம், தவறலாம் என்பது ஒரு காரணம். விமானத்தின் அடித்தளத்திற் சாமான்கள் வைக்கும் அறை சில வேளை உறையும் அளவுக்குக் குளிரக்கூடும் என்பது மற்றொன்று. ஒரு முறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகித் தெளிந்து தோன்றினாலும், பாவனைக்கு உதவாது. பிரயாண நாட்களுக்கு வேண்டிய அளவுக்கு இரட்டிப்பாக எடுத்துச் செல்க. மருந்தை அதன் சொந்தப் பெட்டியோடும் பெயர்ச்சீட்டோடும் கொண்டு செல்க; பல நிறக் குளிசைகளை ஒரே போத்தலிற் கொட்டிச் செல்லுதல் பரிசோதகருக்குச் சந்தேகத்தையும் வைத்தியருக்குத் திகைப்பையும் உண்டாக்கும். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பெறுக. அதில் நோயின் பெயரும், மருந்தின் வியாபாரப் பெயரோடு மூலப்பெயரும், அளவும், ஊசி கொண்டு செல்லும் அவசியமும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வியாபாரப் பெயர் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். மூலப்பெயர் பெரும்பாலும் ஒன்றே.

நேர வேறுபாடும் கவனிக்கற்பாலது. ரொறன்ரோவின் நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணியும், மாரியிற் பத்தரை மணியும் பிந்தியது. மேற்கு நோக்கிச் செல்பவர்க்கு அன்றைய பகல் நீண்டுகொண்டே போகும். எந்த மணிக்கு எந்த ஊசி, எந்த உணவு என்பதை வைத்தியரே எழுதித் தர வேண்டும், ஊகித்துச் செய்யலாகாது. கைக்கடிகாரத்தை வீடு போய்ச் சேரும் வரைக்கும் இலங்கை நேரத்திலேயே விட்டுவைத்து, அந்நேரப்படியே அட்டவணையை எழுதித் தரும்படி கேட்டுக்கொள்வது முதியவர்க்கு இலகுவாயிருக்கும்.

மருந்துகளிலே எல்லாத் தேசத்தாரும் எல்லாவற்றையும் அனுமதிப்பதில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்துக்குள் நுழைவோர், கொடீன், ட்ரமடோல் ஆகியன சேர்ந்த நோவு மருந்துகளை முன் அனுமதியின்றிக் கொண்டு செல்லலாகாது. அங்கே கசகசாவும் தடை செய்யப்பட்ட பொருள். நாம் சர்பத்தில் இடும் கறுப்பு விதையைக் கசகசா என்போம். அது ஒரு வகைத் துளசியின் விதை, தீங்கற்றது. தமிழ்நாட்டில் அதே பெயரால் வழங்கும் வெள்ளை விதையோ அபினிச் செடியினுடையது, தடைக்குரியது அதுவே. ஒரே பெயரால் வரும் இந்தக் குழப்பத்தை அந்நிய தேசத்துச் சுங்க உத்தியோகத்தருக்கு விளக்கப் புகுவதிலும், இரண்டையும் வீட்டிலே விட்டுச் செல்லுதல் புத்தி.

பெட்டிக்குள் வைக்கத் தக்கது இன்னது, கைப்பையில் வைக்கத் தக்கது இன்னது என்பதற்குச் சில விதிகள் உலகெங்கும் ஏறத்தாழ ஒத்தவை. 2006 ஓகஸ்டில் இலண்டனில் திரவ வெடிமருந்துச் சதியொன்று கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், கைப்பையில் திரவம் கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும் கண்ணாடிப் பையில் அடங்க வேண்டும். சில நிலையங்களில் இவ்விதி இப்பொழுது தளர்ந்திருக்கிறது. ஆனால் நடுவழியில் மாறும் நிலையத்தில் தளராதிருக்கலாம். நல்லெண்ணெய் திரவம் என்பதை யாவரும் அறிவர். ஊறுகாயும் தேனும் சம்பலும் அவர்கள் கணக்கில் திரவமே என்பதைப் பலர் அறியார். வேண்டிய அளவு மருந்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை; கடிதத்தைக் காட்டினாற் போதும். இதற்கு மாறாக, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க் எனும் கருவி கைப்பையில் மட்டுமே போகலாம். அதிலுள்ள லிதியம் மின்கலம் தீப்பற்றக் கூடியதாதலின் பெட்டியில் வைத்தல் தடை.

உணவுப் பொருள்களைப் பற்றித் தாய்மாரிடம் பேசுவது கடினம். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் முருங்கைக்காயும் இல்லாமல் மகள் வீட்டுப் படியை எவ்வாறு மிதிப்பது என்று கேட்கிறார்கள். அவுஸ்திரேலியாவிலோ பழம், காய், விதை, இறைச்சி, பால் சேர்ந்த பண்டம் எதுவாயினும் வருகை அட்டையில் எழுதி அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருள் அனுமதிக்கத் தகாததாயின் எடுத்துவிடுவர், அவ்வளவுதான். அறிவியாது ஒளித்தால் தண்டம் கட்ட நேரும். கனடாவிலும் இதே போக்குத்தான். அட்டையில் உணவு உண்டோ என்ற கேள்விக்கு உண்டு என்று எழுதுவதிற் குறையொன்றுமில்லை. மிளகாய்த்தூள் பொதியொன்றுக்காகப் பொய் எழுதி, முதல் நாளே அபராதத்தோடு மகன் வீட்டுக்குப் போவானேன்? நிறையையும் ஊரிலேயே கடைத் தராசிற் பார்த்துவிடுங்கள். பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது பல கம்பனிகளின் வழக்கம். உங்கள் சீட்டிற் கண்ட அளவே உங்களுக்கு உரியது. கருமபீடத்தின் முன்னே பெட்டியைத் திறந்து, சேலையை ஒருபுறமும் அரிசிமாவை மறுபுறமும் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கும் முதியவரைக் காண்பது பரிதாபம்.

பிறர் தரும் பொதியைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். ஊர்விட்டு ஒருவர் புறப்படுகிறார் என்றால், “இதை என்ரை மருமகனிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்று நாலு பேர் வருவது நம் வழக்கம். மறுப்பது மரியாதையன்று என்று வாங்கிக்கொள்கிறோம். திறந்து, கண்ணாற் பார்த்து, தாமே அடுக்காத எப்பொதியையும் ஏற்கலாகாது. உறவினர் தந்ததாயினும் திறந்தே பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்திய குற்றத்துக்குத் தண்டனை மரணம். “எனக்குத் தெரியாது, ஒருவர் தந்தார்” என்பதை நிரூபிக்கும் பாரம் பொதியைச் சுமந்தவர் தலையிலேயே விழும். தைத்து மூடிய பொட்டலத்தை வாங்க மறுத்ததற்காக ஒருவர் கோபித்துக்கொண்டால், கோபித்துக்கொள்ளட்டும்.

விமான நிலையத்தில் முதியோர்க்குப் பெருந்துணையாவது சக்கர நாற்காலி. நடக்க முடியாதவர்க்கே அது என்று எண்ணி நம்மவர் கூச்சப்படுகின்றனர். மாறும் நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து மற்றதற்குச் சில வேளை அரை மணி நேரம் நடக்க நேரும். நகரும் படிகளிற் சேலைத் தலைப்பு அகப்படும் அபாயமும் உண்டு. சீட்டு வாங்கும் பொழுதே, பிந்தினால் 48 மணி நேரம் முன்னராவது, கம்பனிக்கு அறிவித்தால், பெரும்பாலும் கட்டணமின்றி ஓர் உதவியாளரை அனுப்புவர். அவர் சுங்கம், குடியகல்வு, பாதுகாப்புச் சோதனை யாவற்றையும் கடத்தி, அடுத்த விமானத்தின் வாயில் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். வழி அறியாதவர்க்கும் மொழி அறியாதவர்க்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பாதுகாப்புச் சோதனையில் தாலிக்கொடி ஒலியெழுப்பினால் அஞ்சவேண்டியதில்லை. கழற்ற வேண்டும் என்பதுமில்லை. பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியறையிற் சோதிக்கும்படி கேட்கலாம்.

பெட்டியை ஒப்படைக்கும் பொழுது அதன் பிடியிற் கட்டும் சீட்டை ஒருமுறை பாருங்கள். அதில் மூன்று ஆங்கில எழுத்துக்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. கொழும்புக்கு சி.எம்.பி.; டோஹாவுக்கு டி.ஓ.எச்.; துபாய்க்கு டி.எக்ஸ்.பி.; இலண்டன் ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்.; ரொறன்ரோவுக்கு, யாரும் ஊகிக்க முடியாதபடி, ஒய்.ஒய்.இசட். சீட்டில் இருக்கவேண்டியது மாறும் நிலையத்தின் குறியீடன்று. முடிவாகச் சேரும் ஊரின் குறியீடு. ஆங்கிலம் வாசிக்க அறியாதவர்க்கு நான் அம்மூன்று எழுத்துக்களையும் ஓர் அட்டையிற் பெரிதாக எழுதிக் கொடுப்பது வழக்கம். கோலத்தைக் கோலத்தோடு ஒப்பிடுவது போல அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்தறிவதும் இவ்விதமாகத்தானே. கம்பனியார் தரும் பெட்டிச் சீட்டின் துண்டைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்க.

அதே அட்டையின் மறுபுறத்தில் நான் எழுதிக் கொடுப்பவை: பிரயாணியின் பெயர், நோய், தமிழ் மட்டுமே பேசுவார் என்ற குறிப்பு, அங்குள்ள பிள்ளையின் தொலைபேசி எண், விலாசம், விமான இலக்கம். இவற்றை ஆங்கிலத்திலும் கீழே தமிழிலும் எழுதிச் சீலைப் பையிலிட்டுக் கழுத்திலே தொங்கவிட வேண்டும். பிள்ளையின் எண் கைத்தொலைபேசியில் உண்டே என்பர். மின்னேற்றம் தீர்ந்த கைத்தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டு.

இனி வானம். அன்றைய டக்கோட்டா விமானம் அமுக்கம் ஏற்றப்படாதது. ஆதலால் மிக உயரப் பறக்க முடியாதிருந்தது. இன்றைய விமானங்கள் 35,000 அடி உயரத்திற் பறக்கின்றன. அவ்வுயரத்தில் மூச்சுவிடப் போதிய காற்றில்லை. எனவே உள்ளே காற்றை அமுக்கி நிரப்புகின்றனர். அவ்வாறு நிரப்பியும் உள்ளிருக்கும் காற்று தரைக் காற்றுக்கு நிகராகாது; 6,000 முதல் 8,000 அடி வரையான மலைமேல் இருப்பது போன்றதே. நுவரெலியா நகரம் 6,000 அடிக்குச் சற்று மேலே உள்ளது. பீதுருதாலகாலை மலையின் உச்சி 8,281 அடி. அவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்திற் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். திடமான உடம்புக்கு இதனாற் கேடில்லை. இருதய நோயும் சுவாச நோயும் உடையவர்கள் வைத்தியரின் சம்மதம் பெற்றே ஏற வேண்டும். விமானம் இறங்கும் பொழுது காது அடைப்பது இவ்வமுக்க மாற்றத்தினாலேயே. இனிப்பொன்றை வாயிலிட்டுச் சுவைத்து அடிக்கடி விழுங்கினால் நீங்கும். சலரோகக்காரர் வெறுமனே உமிழ்நீரை விழுங்கலாம்.

உள்ளிருக்கும் காற்று மிக வரண்டது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இங்கேதான் நம் தாய்மார் ஒரு தந்திரம் செய்கின்றனர். விமானத்து மலசலகூடத்துக்குப் போக வெட்கப்பட்டு, அந்தக் கதவைத் திறக்கவும் அறியாமல், புறப்படும் நாள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகின்றனர். பதினைந்து மணி நேரம் அசையாமலும் குடியாமலும் இருந்தாற் காலின் நாளங்களில் இரத்தம் கட்டியாக உறையக்கூடும். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணங்களில் இது எவர்க்கும் நேரலாம். முதியோர்க்குக் கூடுதலாக நேரலாம். அக்கட்டி சுவாசப்பைக்குச் சென்றால் உயிருக்கே மோசம். ஆகவே பிள்ளைகள் வெட்கப்படாமற் சொல்லிக் கொடுங்கள்: கதவு நடுவில் மடிந்து திறப்பது, தாழ்ப்பாளை இழுத்தாற்றான் விளக்கு நன்றாக எரிவது, பொத்தானை அமுக்கினாற் பேரிரைச்சல் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், செம்பு இராது, ஆகையால் வெறும் பிளாத்திக்குப் போத்தல் ஒன்றைக் கொண்டு செல்வது. நடைவழிக் கரையிலுள்ள ஆசனத்தைக் கேட்டுப் பெற்றால் எழுந்து போவது சுலபம். மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடத்தலும், இருந்த இருப்பிற் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தலும் போதிய பயிற்சி. உணவு பற்றிக் கவலை வேண்டாம். மரக்கறி உணவு வேண்டுமென்று சீட்டு வாங்கும் பொழுதே அறிவித்தாற் கொடுப்பர்.

போய்ச் சேர்ந்தவுடன் குடிவரவு உத்தியோகத்தர் மூன்று கேள்விகள் கேட்பார்: ஏன் வந்தீர்கள், யாரிடம் தங்குவீர்கள், எத்தனை காலம் இருப்பீர்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுதலே போதும். விளங்காத கேள்விக்கு ஆமென்று தலையசைப்பது நம்மவரிடமுள்ள கெட்ட பழக்கம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அட்டையைக் காட்டுக. கனடாவுக்குச் சுப்பர் விசாவிற் செல்வோர், பிள்ளையின் அழைப்புக் கடிதத்தையும், ஒரு வருடத்துக்கான வைத்தியக் காப்புறுதிப் பத்திரத்தையும் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும். அவையும் பெட்டிக்குள் இருக்கலாகாது என்பதை நான் இனியும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் கம்பனியின் கருமபீடத்தில் எழுத்து மூலம் முறையிட்டு, அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்க. சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும், பிந்தி வந்ததற்குப் பெட்டி கையில் கிடைத்த நாள் முதல் 21 நாட்களுக்குள்ளும் முறையிட வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு மொன்றியல் நகரிற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் விதி. வெளியே காத்து நிற்கும் பேரப்பிள்ளைகளைக் கண்ட மகிழ்ச்சியில் இதனை மறந்து நடந்துவிடுவோர் பலர்.

தமக்கையார் சென்ற ஆண்டு மறுபடியும் போய் வந்தார். பெட்டி அடுக்க நான் போன பொழுது, “தம்பி, நீ அங்காலை இரு” என்று கதிரையைக் காட்டினார். எல்லாவற்றையும் தாமே அடுக்கினார். இன்சுலினும் சிட்டையும் கழுத்துப் பையிற் போயின. வடையும் பினாட்டும் பெட்டியிற் போயின. வடைகள் பாதிக்கு மேல் நொருங்கிவிட்டனவாம்; பேரன் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டானாம்.